வால்டர் வராத சனிக்கிழமை

"உங்கள் இந்தியர் காலையில் இறந்துவிட்டார்" என்று தொலைபேசியில் சொன்னாள் ஆண்கள் பிரிவுத் தாதி. நான் அதே மருத்துவமனையில், கீழே பிரசவப் பிரிவில், பிறந்த குழந்தை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவர் இந்தியர் இல்லை, எத்தனை தடவை சொல்வது?" என்று கத்தினேன். பாவம், அவளும் என்ன செய்வாள், அவர் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடினேன்.

அருளானந்தம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். பொங்கலுக்குக் கொலோனில் கூடும் நம்மவர்கள் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். குள்ளமான உருவம், நெளிந்த முடி, யார் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகுதான் பதில். ட்ரியர் நகரில் ஒரு பாலம் கட்டும் நிறுவனத்தில் வரைபடம் வரைந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எதுவானாலும் சனிக்கிழமை என்றால் வரமாட்டார். "சனிக்கிழமை ஏலாது" என்ற அவர் வார்த்தை நம் கூட்டத்தில் கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. எனக்கும் அவருக்கும் முடிச்சுப் போட்டு, சனிக்கிழமைதோறும் என்ன நடக்கிறது என்று கண்ணடித்தவர்களும் உண்டு. அவர்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன், நெஞ்சில் கைவைத்துப் படிக்கட்டும். சனிக்கிழமை ஏன் ஏலாது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் நாகர்கோயிலிலிருந்து கன்னியாஸ்திரீகள் வழியாக ட்ரியருக்குத் தாதி வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். விபத்துப் பிரிவில் ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள், கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மருத்துவர் தொட்டதும் "ஐயோ அம்மா, மெல்ல!" என்றார் மனிதர். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகே போனேன். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் வாயைத் தவிர வேறு வாயில் தமிழ் கேட்டதில்லை.

"மரத்துல ஏறி விழுந்தீங்களா?" என்று கேட்டேன்.

வலியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை தமிழோ! மரத்திலை இல்லைப் பிள்ளை, கூடைக்குக் கீழை விழுந்தனான். எந்த ஊர்?"

"நாகர்கோயில்."

"அப்ப கிட்டத்தான். நடுவிலை கடல் மட்டும்தானே."

அவர் விழுந்த கூடை, கூடைப்பந்துக் கூடை. ட்ரியரிலிருந்து மேற்கே போனால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் லக்சம்பர்க். ரயிலில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் முடிந்துவிடுகிற நாடு. அத்துனூண்டு நாட்டுக்கும் ஒரு தேசிய லீக் உண்டு. எஃகு ஆலைத் தொழிலாளி, தபால்காரர், பள்ளி ஆசிரியர் என்று வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை கூலி வாங்கி ஆடும் லீக். எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றின் அணியில் அண்ணை ஆடினார். ஒரு விதி இருந்தது: ஆட்டத்துக்கு முன் எழுதும் பெயர்த்தாளில் ஓர் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டார்தான் இருக்கலாம். அந்த ஒருவர் அப்போது இவர். ஜெர்மனியிலேயே அணிகள் இருக்கின்றனவே, எதற்கு எல்லை தாண்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பெரிய நாட்டிலை என்னை ஆர் தேடப்போகினம்? சின்ன நாட்டிலை ஒரு ஆள் குறைஞ்சாலும் தெரியும்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பின்னால் ஒருநாள் மீதியையும் சொன்னார். இலங்கை அணித் தெரிவுக்காகக் கொழும்புக்கு ரயிலேறிய வருஷம், ஐம்பத்தெட்டில், தமிழருக்கு எதிரான கலவரம் வந்ததாம். பாதி வழியிலேயே, வந்த ரயிலிலேயே திரும்பியிருக்கிறார். விளையாட்டுப் பையைக்கூடத் திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு யாரும் தெரிவுக்குக் கூப்பிடவில்லை. ஒரு நாட்டின் ஆட்டத்தில் தன் பெயரையும் ஒருவன் எழுத வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதருக்கு. அது எந்த நாடாக இருந்தால் என்ன என்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

அந்தக் கணுக்கால் முழுதாகத் தேறவே இல்லை. பிளாஸ்திரிப் பட்டை சுற்றிக் கட்டினால்தான் ஆட முடியும். சனிக்கிழமை மதியம் தாதியர் விடுதி வாசல் பெஞ்சில் வந்து உட்காருவார். நான் கட்டிவிடுவேன், திரும்பி வந்ததும் வெட்டி எடுப்பேன். முதல் சில வருஷங்கள் அந்தக் கட்டு வியர்வையில் ஊறி, கறுத்து, நாறிக்கொண்டு வரும். "மூக்கைப் பொத்திக்கொண்டு வெட்டும் பிள்ளை" என்பார், பிறகு ஆட்டத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவார். நம்மவர் கண்ணடித்த சனிக்கிழமை ரகசியம் இதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வால்டர் வந்தான். ட்ரியருக்கு வடக்கே மலைப்பகுதியில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை பார்த்த கறுப்பினப் பையன். நின்றபடி லேசாக எம்பினாலே விரல் கூடை வளையத்தைத் தொடும். அவனை ஒருமுறை பார்த்ததும் அணிக்காரர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். வெளிநாட்டார் இடம் ஒன்று, அது வால்டருக்கு. அண்ணையைப் போகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். "வால்டருக்குத் தளத்தில் திடீரென்று வேலை வரலாம், அப்போது நீதான். உடுப்போடு வந்துவிடு" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். நல்ல எண்ணத்துக்கு இருக்கிற கூர்மை கத்திக்கு இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே மாதிரி. பெஞ்சு, பிளாஸ்திரி, பேருந்து. அங்கே போய் ஆட்ட உடுப்பை மாட்டிக்கொண்டு, பெயர்த்தாள் எழுதும் நேரம் வரை ஜன்னலோரம் நிற்பார். வால்டரின் கார் வந்து நிற்கும். மேலே ஒரு கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் போய் உட்காருவார். பெயர்த்தாளில் இல்லாதவரை ஒரு நிமிஷம்கூட இறக்க முடியாது. ஆனாலும் கம்பளிச் சட்டைக்கு அடியில் உடுப்பைக் கழற்ற மாட்டார்.

"எதுக்குண்ணை இது? பந்தியில உக்கார வச்சு, எலையும் போட்டு, சோறு போடாம எழுப்பி விடுற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"இலை போட்டவை எல்லோ பிள்ளை? அதுவே பெரிசு" என்றார். "வால்டர் வரேல்லையெண்டால் நான். கூப்பிட்டால் எழும்ப ஆயத்தமா இருக்கோணும்."

நான் வெட்டி எடுத்த கட்டுகள் அதன்பிறகு காய்ந்தே இருந்தன. கட்டியபடி அப்படியே, வெள்ளை வெளேரென்று கையோடு வரும். அதைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் வீசுவேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

வால்டர் கெட்டவன் இல்லை. ஒருநாள் அண்ணையைக் காரில் கொண்டுவந்து விடுதி வாசலில் இறக்கிவிட்டவன், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "அடுத்த சனிக்கிழமை எனக்குக் கடுமையான காய்ச்சல் வரப்போகிறது சிஸ்டர்" என்றான். எனக்குப் புரிந்துவிட்டது, சந்தோஷம்கூட வந்தது. அண்ணையின் முகம் மாறிவிட்டது. என்னிடம் தமிழில் சொன்னார்: "காய்ச்சல் வரவேண்டாமெண்டு இவனுக்குச் சொல்லும் பிள்ளை. அவனுக்கு உண்மையா வரேலாமல் போனால் ஆடுறன். பிச்சை இலையிலை நான் சாப்பிட மாட்டன்." நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கவும் தேவைப்படவில்லை, வால்டர் தலையைக் குனிந்துகொண்டு காரை எடுத்தான்.

ஒரே ஒருமுறை வால்டர் உண்மையாகவே வரவில்லை. மலைப்பாதையில் பனி மூடிவிட்டது. அண்ணை பேருந்தில் பாதி, நடை பாதியாக எப்படியோ போய்ச் சேர்ந்து, உடுப்பை மாட்டி, கால் உதறிக்கொண்டு காத்திருந்தார். பனி என்ன வால்டரை மட்டுமா தடுக்கும்? எதிரணியையும் தடுத்துவிட்டது. ஆட்டம் ரத்து. திரும்பி வந்து இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். விடுதிக்குள் போன பிறகுதான் அழுதேன்.

அங்கேயே குடிபோய் அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டால் உள்ளூர்க்காரர் கணக்கில் ஆடலாம் என்று அதற்கும் முயன்றார். எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் பதில் ஒன்றுதான். குடியிருக்க அனுமதி வேண்டுமானால் அங்கே வேலை இருக்க வேண்டும், வேலை வேண்டுமானால் குடியிருக்க அனுமதி இருக்க வேண்டும். நாய் தன் வாலைப் பிடிக்கச் சுற்றுகிற கதை. ஆனால் அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டார். ஊர்த் திருவிழாவில் மேசை தூக்கினார், அவர்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் போனார். பெயர்த்தாள் எழுதுகிற பொறுப்பு நிக் என்ற வயதான ரொட்டிக்கடைக்காரருக்கு. பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம்தான் அண்ணைக்கு. ஆடாத இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருஷக்கணக்காக ஆட்டம் பார்த்தார்கள்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பருவத்தின் இறுதி ஆட்டம், தோற்ற அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். உள்ளூர்ப் பையன்கள் சிலர் சளிக்காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். வால்டர் வந்திருந்தான், அண்ணை வழக்கம்போல் கம்பளிச் சட்டையோடு பெஞ்சில். ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளூர்ப் பையன் ஒருவன் ஐந்தாவது 'ஃபவுல்' தவறும் செய்து விதிப்படி வெளியேறினான். பயிற்சியாளர் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். ஆள் இல்லை. நிக் பெயர்த்தாளைப் பார்த்துவிட்டு, "அருல் இருக்கிறானே!" என்றார், அருளானந்தம் அவர் வாயில் அருல்தான்.

அண்ணை எழும்பவில்லை. நான் பின்வரிசையில்தான் இருந்தேன், எல்லாம் கேட்டது. "என் பெயர் இருக்கிறதா? என்னை இறக்கலாமா?" என்று ஜெர்மனை ஒட்டிய அவர்கள் மொழியில் நிக்கிடம் கேட்டார்.

"இறக்காமல்? நீ நம் பையன், உன் பெயரை எழுதாமல் யார் பெயரை எழுதுவேன்? போ, போ!"

நீண்டகாலம் இருக்கிற வெளிநாட்டாரை உள்ளூர் கணக்கில் சேர்க்கப்போகிறார்கள் என்று அந்த வருஷம் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் அண்ணை. கம்பளிச் சட்டையைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டு ஓடினார்.

அவர் ஆடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பந்து அவர் கையில் தரையை ஒட்டியே ஓடியது. நெட்டை நெட்டையாக நின்றவர்களின் இடுப்புக்குக் கீழே புகுந்து புகுந்து போனார். வால்டர் எங்கே போவான் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரியாதா பின்னே, இத்தனை வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து அவனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாக ஆடியது அன்றுதான். கடைசிப் பந்தை இவர் தூக்கிக் கொடுக்க, வால்டர் கூடைக்குள் போட, ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். வால்டர் அவரை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டான். ஊரே உள்ளே இறங்கிவிட்டது. நான் கம்பளிச் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாகர்கோயில் தமிழில் என்னவெல்லாமோ கத்தினேன்.

திரும்பி வந்து பிளாஸ்திரிக் கட்டை வெட்டியபோது அது ஊறிப்போய், கனத்து, கையில் வழுக்கியது. "நாறுது அண்ணை" என்றேன். "நல்லா நாறட்டும் பிள்ளை" என்றார்.

எதிரணி முறையிட்டுவிட்டது. ஒரே தாளில் இரண்டு வெளிநாட்டார். வெற்றி அவர்களுக்குப் போயிற்று, இவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். விதி எதுவும் மாறியிருக்கவில்லை. நிக் உள்ளூர்ப் பையன்களின் பெயர்களோடு சேர்த்து, நடுவிலே, அருல் என்று எழுதியிருந்தார். சூது இல்லை, வாது இல்லை. ரொட்டிக்கடையில் மாவுக் கையோடு நின்று அந்தக் கிழவர் எங்களிடம் அழுதார். "ஆள் குறைகிறதே என்று யோசித்தேன், இவன் பெயர் வந்தது, எழுதினேன். இவன் வெளியாள் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை."

எதிராளிக்கு நினைவிருந்தது. எதிராளி அதை மறப்பதே இல்லை.

பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆற்றுப் பாலம் வந்ததும் அண்ணை சொன்னார்: "இவ்வளவு காலமும் என்னை வெளியாளா வைச்சிருந்தவை, ஒண்டும் நடக்கேல்லை. ஒருநாள் தங்கடை ஆளா நினைச்சினம் பிள்ளை. அண்டைக்கே விழுந்து போயிட்டினம்."

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களில் படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

யாரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. இரண்டாம் பிரிவில் வெளிநாட்டாருக்கு இடமே கிடையாதாம், அதனால் ஜன்னலோரம் நிற்கக்கூட அவருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. வால்டரை அவன் நாட்டுக்கே மாற்றிவிட்டார்கள். நிக் அதன்பின் பெயர்த்தாளைத் தொடவில்லை. அண்ணைக்குச் சனிக்கிழமை ஏலும் என்றாகிவிட்டது. கொலோனில் உங்கள் பொங்கலுக்கு வந்ததெல்லாம் அந்தக் கடைசி வருஷங்களில்தான். "மனுஷன் திருந்திட்டார்" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

பிறகு வயிற்றில் அந்தப் பாழாய்ப்போன நோய். ஆண்கள் பிரிவில் கிடந்த நாட்களில் நான் வேலை முடிந்து மேலே போய் உட்காருவேன். கூடைப்பந்தைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். அறைக் கதவு திறந்தால் மட்டும் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்ப்பார். "எதுக்கு எழும்புறீங்க?" என்றால், "சும்மா" என்பார்.

அடக்கத்துக்கு நம்மவர்கள் சிலர் வந்தீர்கள், வரைபட அலுவலகத்தார் வந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் நிக் ஒருவர்தான். கல்லறைத் தோட்ட வாசலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரமாட்டேன் என்றார், தனக்கு அந்தத் தகுதி இல்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அவரைத் தன் ஆள் என்று நினைத்தது இந்த உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான், நீங்களும் வெளியில் நின்றால் எப்படி?" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து குழியருகே நிறுத்தினேன். மண் போடும்போது கிழவர் தன் மொழியில் என்னவோ முணுமுணுத்தார். அருல் என்ற பெயர் மட்டும் என் காதில் விழுந்தது.

என்னிடம் அவர் பொருள் என்று எதுவும் இல்லை. அன்றைக்கு வெட்டிய அந்த ஈரக் கட்டை வைத்திருந்தால் உங்களுக்குக் காட்டியிருப்பேன். ஆனால் நான் தாதி, அழுக்குக் கட்டைக் குப்பையில் போட்டுத்தான் பழக்கம், போட்டுவிட்டேன். அதன் கனம் மட்டும் இந்த உள்ளங்கையில் இருக்கிறது. வேறு யாருடைய கட்டை வெட்டினாலும் அதோடு ஒத்துப் பார்க்கிறது என் கை. ஒன்றும் அந்தக் கனம் இல்லை.

இறந்த காலையில் மேலே ஓடினேன் என்றேனே, உடலைக் கழுவி உடுத்தும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இளைத்துப் போன உடம்பில் அந்த வலது கணுக்கால் மட்டும் பழைய தடிப்போடு இருந்தது. துடைத்து முடித்ததும் என் கை தன்னாலே போய்த் தட்டிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்துவிட்டது. நுனியைப் பிரித்தும் விட்டேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன் தாதி என்னையே பார்த்தாள்.

சுருளைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கட்டிக் கட்டி உட்கார வைத்தது போதும். கால்களைச் சேர்த்துவைத்து, விரிப்பை இழுத்துப் போர்த்தி, அவருக்குப் புரியும்படி அவர் தமிழிலேயே சொன்னேன்.

"எழும்ப வேண்டாம் அண்ணை. ஒருத்தரும் கூப்பிடேல்லை."